ஒரு பயணத்துக்கு ரெண்டு எமகண்டம்

விமான டிக்கெட் போடுகிறவன் விமானத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து தினம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் சகபாடிகளே, உங்களுக்கு நான் விளக்கவா வேண்டும்? ஆரணி பஸ் ஸ்டாண்ட் பக்கம் என் கடை. பட்டுத்தறி வைத்திருக்கும் ஏகாம்பரம் என்னைப் படுத்திய பாட்டைக் கேளுங்கள்.

எவ்வளவு தூரம்?

புதன்கிழமை அவர் மகளுக்குக் கல்யாணம். முந்தின நாள் செவ்வாய் சாயங்காலம் ஏழு மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளைக்கு மாலை போட வேண்டியவன் பெண்ணின் ஒரே தம்பி. அவனோ சிங்கப்பூரில், லீவே செவ்வாய்க்கிழமைதான் ஆரம்பம். "சென்னைக்கு ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர், நாலு மணி நேரம்" என்றேன். அங்கிருந்து ஆரணி நூற்றைம்பதுகூட இல்லை, ஆனால் டிராபிக்கில் அதுவும் நாலு மணி நேரம் என்றேன்.

"இன்னா சார், மூவாயிரமும் நூத்தைம்பதும் ஒரே நேரமா? உங்க கம்ப்யூட்டரு நல்லாத்தான் ஓடுதா?"

யார் ஊர் எமகண்டம்?

செவ்வாயன்று அந்த ஊர் நேரப்படி காலை பத்துக்கு ஒரு விமானம், சாயங்காலம் ஐந்தரைக்கு ஒன்று. ஐந்தரைக்கு ஏறினால் மாலை போட முடியாது. பத்து மணியோ, காலண்டர்படி எமகண்டம். "அங்கே பத்து என்றால் நமக்கு ஏழரைதானே" என்று சமாதானம் சொன்னேன். நம் எமகண்டம் ஒன்பதிலிருந்து பத்தரை. அப்போது பையன் கடலுக்கு மேலே இருப்பான். எந்த ஊர்க் கணக்கைப் பார்ப்பது? எனக்கே தலை சுற்றியது.

"அப்ப ஏறும்போதும் எமகண்டம், பறக்கும்போதும் எமகண்டமா? ஒரு பயணத்துக்கு ரெண்டு எமனா சார்?"

மேஜைமேல் சட்டை

வேறு வழியில்லாமல் பத்து மணிக்கே டிக்கெட் போட்டோம். பரிகாரத்துக்குப் பரஸ்தானம் இருக்கிறதே! முன்கூட்டியே நல்ல நேரம் பார்த்து நம் பொருள் ஒன்றை வேறு இடத்தில் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. பையன் தன் பையை அங்கே நண்பன் அறையில் வைக்கட்டும் என்றேன். ஏகாம்பரத்துக்கு அதில் நம்பிக்கையில்லை. திங்கட்கிழமை மகனின் பழைய சட்டையைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். சிங்கப்பூரில் இருக்கிறவன் ஆரணியிலிருந்து கிளம்பிவிட்டான்!

"அவன் வந்து எடுத்துக்குவான் சார். அதுவரைக்கும் மடிப்பு கலையாம பாத்துகினு இருங்க."

எத்தனை மணிக்கு?

காரை எப்போது அனுப்புவது என்று கேட்டார். பத்தும் நாலும் பதினாலு, ரெண்டு மணிக்கு இறங்குவான் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன். நமக்கும் சிங்கப்பூருக்கும் உள்ள ரெண்டரை மணி நேர வித்தியாசத்தைக் கழிக்கவில்லை, பாவி நான்! செவ்வாய் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெட்டியோடு ஒரு பையன் வந்து சட்டையைக் கேட்டான். பதினொன்றரைக்கே இறங்கி, யாரையும் காணாமல், சிங்கப்பூர் சிம்மும் வேலை செய்யாமல், பஸ் பிடித்து வந்திருக்கிறான். அப்பாடா, மாலைக்கு ஆள் வந்தாச்சு! அப்புறம்தான் ஏகாம்பரத்தின் நினைப்பு வந்தது. போன் போட்டேன். காரோடு அவரே சென்னைக்குப் போயிருக்கிறார். எமகண்டம் வேலையைக் காட்டிவிட்டதோ என்று, யாரையும் கேட்கக்கூடப் பயந்து, ஒன்றரை மணியிலிருந்து விமான நிலைய வாசலிலேயே நிற்கிறாராம். பையன் வந்துவிட்டான் என்றதும் அழுதேவிட்டார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்.

"சரி சார், பொண்ணப் பெத்தவன் நான் இங்க நின்னுகினு இருக்கேன். ஏழு மணிக்குள்ள நான் ஆரணி வரணும்னா எந்த பிளைட்டுல ஏறணும், சொல்லுங்க?"

அன்றிலிருந்து எத்தனை மணிக்கு இறங்கும் என்று யார் கேட்டாலும், நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்று டிக்கெட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு என் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுகிறேன்.