வாசனை இல்லாத மருந்து

பெரியவள் பிறந்த அன்று நான் ஏன் அவளை முதலில் தூக்கவில்லை என்று நீங்கள் இருவரும் பலமுறை கேட்டுவிட்டீர்கள். அதை எழுதி வைக்கிறேன்.

அப்போது தாம்பரத்தில் ஒரு சின்ன பிரசவ ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலை எனக்கு. முதலில் பினாயில்தான். போட்டால் மூக்கே சொல்லும். திடீரென்று அதை நிறுத்திவிட்டு இளஞ்சிவப்பாக ஒரு கேன் கிருமிநாசினி வந்தது. லேபிளில் ‘குவாட்டர்னரி அம்மோனியம்’ என்று இருந்ததை எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். வாசனையே இல்லை. ஒரு பக்கெட் தண்ணீருக்கு ஒரு சின்ன மூடி அளவு போதுமாம்.

எனக்கு ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட பாய் மேல் சந்தேகம் விழுந்தது. பொழிச்சலூரிலிருந்து சைக்கிளில் வருகிறவர். கேனைப் பூட்டியே வைப்பார். பக்கெட்டில் ஊற்றும்போது கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, “தள்ளி நில்லுபா” என்று என்னை விரட்டுவார். நல்ல மருந்தை வெளியே விற்றுவிட்டுத் தண்ணீரை ஊற்றுகிறார், இல்லாவிட்டால் எதற்கு இவ்வளவு மறைப்பு என்று நினைத்தேன். உங்கள் அம்மாவுக்கு ஒன்பதாம் மாதம். அதே ஆஸ்பத்திரியில்தான் பிரசவம். அந்தத் தரையில் கிருமி இருந்தால் யாருக்கு ஆபத்து?

ஒரு வெள்ளிக்கிழமை, பாய் தொழுகைக்குப் போகும்போது பூட்ட மறந்துவிட்டார். உள்ளே போய்க் கேனில் இரண்டு விரல்களை விட்டேன். வழவழவென்று இருந்தது. வெறும் சோப்புத் தண்ணீர் என்று முடிவுகட்டி, கையைக் கழுவாமல் பேண்ட்டில் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் வீட்டிலிருந்து சோப்புத்தூள் கொண்டுபோனேன். அம்மாவுக்கு ஒதுக்கியிருந்த அறைக்கு மட்டும், பாய் கலந்து கொடுத்த பக்கெட்டில் ஒரு கைப்பிடி போட்டு, நுரை பொங்கத் துடைத்தேன். கமகமவென்று மணந்தது. அதற்குள் விரல்கள் சிவந்து எரிந்தன. திங்கட்கிழமை தோல் உரிந்தது.

அன்று காலை அம்மாவுக்கு வலி எடுத்தது, ஆட்டோவில் வருகிறாள் என்று போன் வந்தது. நான் பக்கெட்டை எடுக்கக் கை நீட்டினேன். பாய் பார்த்துவிட்டார்.

“இன்னாபா கையி?”

“சுண்ணாம்பு பட்டுச்சு, பாய்.”

“ரெண்டு விரலை மட்டும் முக்கி எடுத்தா மாதிரி கீது. கேன்ல வுட்டியா?”

கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

“தண்ணி கலக்குறேன்னு நென்ச்சிகினியா? தண்ணியா இருந்தா தோலு ஏன்யா உரியுது? கண்ணுல தெறிச்சா பார்வையே பூடும். அதான் உன்னைத் தள்ளி நிக்கச் சொன்னேன்.”

வேறு வழியில்லாமல் சோப்புத்தூளையும் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அடப்பாவி! சோப்பு போட்டா இது செத்துப்பூடும்பா. ரெண்டும் ஒன்னையொன்னு கவ்விக்கும். கிருமியைக் கொல்ல இன்னா மிச்சம் கீது?”

ஆக, மருந்தைக் கெடுத்தவன் நான்தான். அதுவும் என் பிள்ளை பிறக்கப்போகும் அறையில்.

இருவரும் ஓடினோம். எனக்குக் கையுறை மாட்டிவிட்டு, வெறும் தண்ணீரால் மூன்று முறை துடைக்கச் சொன்னார், சோப்பு துளியும் இருக்கக் கூடாதென்று. பிறகு அளந்து கலந்த மருந்தால் துடைத்தோம். ஈரத்தைத் துணியால் ஒற்றப் போனேன். “வுடுபா, பத்து நிமிஷம் ஈரமாவே கெடக்கணும்.” முன்னதாக அவர் மருந்தை அளந்தபோதுகூட, மூடி நிறைந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். அவர் கவனித்துவிட்டு மூடியை என் முகத்துக்கு நேரே காட்டினார்.

தரை காய்ந்த பிறகுதான் அம்மாவை உள்ளே விட்டேன். சிஸ்டர் என்னைத் திட்டியதைக் காதில் வாங்கவில்லை.

மாலையில் பெரியவள் பிறந்தாள். சிஸ்டர் துணியில் சுற்றி நீட்டினார். என் விரல்களைப் பார்த்ததும், “இந்தப் புண்ணு கையோட தொடாதீங்க” என்று பின்வாங்கினார். நான் வாசலில் நின்ற பாயைப் பார்த்தேன். அவர் போய் முழங்கை வரை கழுவிவிட்டு வந்து வாங்கிக்கொண்டார். என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“நல்லா பாத்துக்கோபா. இதுல தண்ணி கலக்கல.”