அம்மா போகாத ஆலப்புழை

ஆலப்புழையில் படகுவீட்டுச் சமையல்காரர் தேங்காயெண்ணெயில் நேந்திரங்காய் வறுக்கத் தொடங்கியதும், அந்த வாசனையில் எனக்குத் தென்னூர் வீடு நினைவுக்கு வந்தது.

ஐம்பதுகளின் கடைசியில் எங்கள் பக்கத்து வீட்டில் மாதவி அக்கா குடியிருந்தார். சொந்த ஊர் ஆலப்புழை. அவர் சிப்ஸ் வறுக்கும் நாட்களில் அம்மா அந்தச் சமையலறையை விட்டு நகரமாட்டாள்.

"எங்க ஊர்ல கடைக்குப் போறதும் படகுலதான், கோயிலுக்குப் போறதும் படகுலதான்" என்று அக்கா சொல்லச் சொல்ல, அம்மா மறுபடி மறுபடி கேட்பாள்.

ஒரு கோடை விடுமுறையில் ஊருக்குக் கிளம்பிய அக்கா, "நீங்களும் வாங்க, ஒரு வாரத்துல திரும்பிடலாம்" என்று கூப்பிட்டார். அம்மா இரண்டு புடவைகளை மடித்து எடுத்து வைத்துவிட்டு அப்பாவிடம் கேட்டாள்.

"காவேரிக்கரையில இருந்துக்கிட்டு, தண்ணியப் பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா?" என்று அப்பா சிரித்தார்.

அம்மாவும் சிரித்தாள். பிறகு புடவைகளைத் திரும்பவும் பீரோவில் வைத்தாள். அடுத்த வருஷமே அக்கா குடும்பம் மாற்றலாகிப் போய்விட்டது. அந்தப் பேச்சை அம்மா மறுபடி எடுக்கவே இல்லை.

அம்மா இறந்து வெகுநாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா திடீரென்று, "அன்னிக்கு அவள அனுப்பியிருக்கலாம்ப்பா" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

படகைத் திருப்பட்டுமா என்று ஓட்டுபவர் கேட்டார்.

"இன்னும் கொஞ்ச தூரம் போங்க" என்றேன்.