இறால் கோதும் அந்தோனியின் காலும்

கண்டியில் காலை ஐந்து மணிக்கு ஏறிய பஸ், மகியங்கனையும் மகாஓயாவும் கடந்து பத்தே முக்காலுக்குச் செங்கலடிச் சந்தியில் நின்றது. மட்டக்களப்பு நகரம் அங்கிருந்து ஏறக்குறைய பதினைந்து கிலோமீற்றர். ஆனி மாதம், கச்சான் காற்று புழுதியை அள்ளி முகத்தில் அடித்தது.

நான் போனது இறால் கோது, அதாவது உரித்த ஓடு, சேகரிக்க. கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை எனக்கு. இறால் கோதில் கைற்றின் என்றொரு பொருள் இருக்கிறது. ஆயிரக்கணக்கான சீனி மூலக்கூறுகள் மணிமாலைபோலக் கோத்த நீண்ட சங்கிலி அது. பருத்தி நூலும் அப்படியொரு சங்கிலிதான். ஆனால் கைற்றினில் ஒவ்வொரு மணியிலும் நைதரசன் கொண்ட சிறு தொங்கல் ஒன்று ஒட்டியிருக்கும். கோதை அமிலத்தில் ஊறவைத்தால் சுண்ணாம்பு கரையும். காரத்தில் காய்ச்சினால் புரதம் போகும். இன்னும் கடுமையான காரத்தில் காய்ச்சினால் தொங்கல்களில் ஒரு பகுதி கழன்று, மிஞ்சுவது கைற்றோசன். அது இரத்தத்தை உறையவைக்கும். காயத்துக்குக் கட்டும் பட்டிகள் சிலவற்றில் அதைச் சேர்க்கிறார்கள். எங்கள் கைற்றோசன் இன்னும் கண்ணாடிக் குவளையைத் தாண்டவில்லை.

நகரில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். அங்கிருந்து வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுப் பக்கம் போக ஓட்டோவுக்கு ஆயிரம் ரூபாய். ஓட்டியவர் காத்தான்குடி நவாஸ்.

"கோதுக்காகவா மிஸ் கண்டியில இருந்து வாறீங்க? நாங்க அதத் தூரக் கொண்டுபோய்க் கொட்டுற. நாத்தம் தாங்க ஏலா."

பகல் பன்னிரண்டரைக்கு ரோஸ்மேரியின் வீட்டை அடைந்தோம். வாவிக்கரையில் இறால் உரித்து வியாபாரிக்குக் கொடுப்பவர் அவர். மாசியில் நான் வந்தபோதும் அவரிடம்தான் கோது வாங்கினேன். கணவர் அந்தோனி வாவியில் வலை வீசுபவர். பல வருடங்களாக அவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. அன்று அவர் தொழிலுக்குப் போகாமல் கட்டிலில் படுத்திருந்தார்.

"அவர்ட கால ஒருக்காப் பாருங்க மிஸ்," என்றார் ரோஸ்மேரி. "நீங்க சொன்ன மாதிரித்தான் செஞ்சன். ஆறுதில்ல."

காலில் சுற்றியிருந்த சீலைத் துணியை அவிழ்த்தார். இடக்காலின் இரண்டாவது விரல் கறுத்திருந்தது. அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஏதோ காய்ந்து அடையாக ஒட்டியிருந்தது.

"என்ன போட்டீங்க?"

"கோதுதான். காயவெச்சு, இடிச்சு, அரிச்சுப் போட்டன். அதுக்குள்ள காயம் ஆத்துற சாமான் இரிக்கி எண்டு நீங்கதானே சொன்னீங்க."

சொன்னேன். மாசியில் இதே முற்றத்தில், அவர் தந்த தேநீரைக் குடித்துக்கொண்டு பெருமையாகச் சொன்னேன். அமிலம், காரம், மாதக்கணக்கான வேலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கேட்க இனிப்பான அந்த ஒரு வசனத்தை மட்டும் சொன்னேன்.

"அது வேற, இது வேற. இது வெறும் கோது. பிழை என்னுடையது, நான் சரியாச் சொல்லல்ல. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

அந்தோனி மாட்டேன் என்று தலையை ஆட்டினார். "விரல வெட்டிருவாங்க. மறுகா தோணியில எப்பிடி நிக்கிற?"

"விரல் போனாலும் நிக்கலாம் அண்ணன். காலே போனா?"

அவர் கறுத்த விரலைப் பார்த்தார். பிறகு, "நீங்களும் வாறீங்களா?" என்று கேட்டார்.

"வாறன்."

நவாஸும் நானும் அவரைத் தாங்கி ஓட்டோவில் ஏற்றினோம். பாலத்தின் மேடுபள்ளங்களில் நவாஸ் மெல்ல மெல்ல ஊர்ந்தார். ஆஸ்பத்திரியில் காயத்தைக் கழுவிய இளம் டொக்டர், "இதுக்கு என்ன பூசினீங்க?" என்று கேட்டபோது ரோஸ்மேரி தலை குனிந்தார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"இறால் கோதுத் தூள். நான் சொன்னதைக் கேட்டுத்தான் போட்டாங்க," என்றேன். டொக்டர் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு விரலை எடுத்தார்கள். பாதம் தப்பியது; இன்னும் பிந்தியிருந்தால் அதுவும் கைவிட்டுப் போயிருக்கும் என்றார்கள். ஆஸ்பத்திரி வாட்டுக்கு வெளியே, மர வாங்கில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் ரோஸ்மேரி.

"மிஸ், கோவிக்காதீங்க. அந்தத் தூள இன்னும் மூணு வீட்டுக்குக் குடுத்தன்."

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு, வாவிக்கரைக்குத் திரும்பி, இருவரும் அந்த வீடுகளுக்கு நடந்தோம். முதல் வீட்டில் அதை அப்போதே கொட்டிவிட்டார்களாம். அடுத்த வீட்டில் தூள் சுற்றிய கடதாசிச் சரையைப் பிரிக்காமலே திருப்பித் தந்தார்கள். கடைசி வீட்டுப் பெண் மகளின் கையை எங்கள் முன் நீட்டினாள். சுடுநீர் பட்ட இடம் இளஞ்சிவப்பாக ஆறியிருந்தது.

"இந்தா பாருங்க, ஆறிட்டுத்தானே! கூடாது எண்டு எப்பிடிச் சொல்றீங்க?"

தானாகவே ஆறியிருக்கும் என்றேன். கிருமி, சுண்ணாம்பு என்று என்னென்னவோ சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். கேட்டு முடித்ததும் தூள் இருந்த பால்மாப் பேணியின் மூடியை இறுக்கி, சுவரிலிருந்த தட்டின் மேல் வைத்தாள்.

"அவ இப்பக் கேக்க மாட்டா," என்றார் ரோஸ்மேரி, வெளியே ஒழுங்கைக்கு வந்ததும். "நான் பிறகு வந்து கதைக்கன்."

பன்னிரண்டு மணிக் கண்டி பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தது. ஆய்வுகூடத்தில் ஏதாவது சிந்தினால் ஈரத்துணியால் துடைத்துவிடுவோம்; மாசியில் நான் சிந்திய வசனம் இன்னும் அந்தப் பேணிக்குள் இருந்தது. அந்தோனி என்னைக் குறை சொல்லவில்லை. வாட்டுக்கு விடைபெறப் போனபோது, வலியோடு எழுந்து உட்கார்ந்து, "பத்திரமாப் போய்ச் சேருங்க மிஸ்" என்றார். மகாஓயா வரை அந்தக் குரல் என்னை எதையும் வாசிக்க விடவில்லை.