தொய்ந்த பெல்ட்டில் ஓடிய ஆல்பம்

சிந்தசைசர் பாப் குழுக்களின் முதல் ஆல்பங்கள் என்றால் எனக்குப் பைத்தியம். பேரும் புகழும் வருவதற்கு முன் செய்தவை. இரண்டு கீபோர்டு, ஒரு டிரம் மெஷின், மீதி எல்லாம் தைரியம். ஒலிகளுக்கு நடுவே ஆள் நடமாடுகிற அளவுக்கு இடம் இருக்கும். அந்தப் பைத்தியம் பிடித்தது அப்பாவின் வேனில்.

அட்டுவம்பட்டியிலிருந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு அப்பா கேரட் ஏற்றிப் போவார். திங்கட்கிழமைகளில் நானும் தொற்றிக்கொள்வேன். பழனியில் காலேஜ், ஹாஸ்டல். செண்பகனூர் பழைய சாமான் கடையில் நான் வாங்கிய அப்படியொரு இங்கிலீஷ் ஆல்பத்தின் கேசட்தான் வேனில் ஓடும். கனத்த ஆண் குரல், பனிக்குள் நடக்கிற மாதிரித் தாளம். அப்பாவுக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் கொண்டை ஊசி வளைவு வந்தால், "பாப்பா, அந்த நிதானமான ஆளைப் போடு" என்பார்.

ஹாஸ்டலில் இந்த ஆல்பத்தைப் பற்றி அளக்காத நாளில்லை. ஒரு நாள் தோழி அதையே சிடியில் கொண்டுவந்து போட்டாள். துள்ளிக் குதித்தது. பாடியவனுக்கு என் வயதுதான் இருக்கும்.

"ஏண்டி, இதையா தாலாட்டுன்னு சொன்ன? நல்லா ஆடலாம் போல இருக்கே!"

அப்போதுதான் உறைத்தது. வேனிலிருந்த பிளேயர் இத்தனை நாளும் மெதுவாக ஓடியிருக்கிறது.

அடுத்த திங்கட்கிழமை அப்பாவிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "உள்ள பெல்ட்டு தொய்ஞ்சு கெடக்கும். இம்புட்டு நாளா உன்னையத் தப்பாவா கேக்க விட்டேன்?" அந்த வாரமே பெருமாள்மலையில் வண்டியை நிறுத்தி பிளேயருக்குப் புதுப் பெல்ட் மாட்டிவிட்டார்.

மறு வாரம் பாட்டு சரியான வேகத்தில் வந்தது. பொய் சொல்லக் கூடாது, எனக்குப் பிடித்தது. டாஷ்போர்டில் தாளம்கூடப் போட்டேன். அப்பா இரண்டு வளைவு வரை பொறுத்தார்.

"நல்லாத்தான் இருக்கு. நம்ம ஆளு எங்க போனாரு?"

"அதே ஆளுதாம்ப்பா. வெரசாப் பாடுறான்."

"இந்த ரோட்டுல வெரசாப் போக அவனுக்கு என்ன சோலி?"

சொல்லிவிட்டு அடுத்த வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தார். அந்தக் கனத்த குரலை இனி எந்தக் கடையிலும் வாங்க முடியாது. உலகத்தில் அது இந்த ஒரு வேனில் மட்டும்தான் பாடிக்கொண்டிருந்தது. அதை நான்தான் வாய் திறந்து விரட்டிவிட்டேன்.

"பழைய பெல்ட்டத் தூரப் போட்டுட்டீங்களாப்பா?"

அப்பா ஒரு கையை ஸ்டியரிங்கில் வைத்தபடி சட்டைப் பைக்குள் விரலை விட்டார். தொய்ந்துபோன கறுப்பு ரப்பர் வளையம் வெளியே வந்தது.

"சனிக்கிழமை நீ வரவும் மாத்திருவோம். அந்தப் பயலை நீ ஹாஸ்டல்ல கேட்டுக்க."