பாயசத்துக்குப் பிறகும் சாப்பாடு உண்டு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தக் கோபம் மட்டும் இல்லையென்றால் எனக்குக் கல்யாணமே நடந்திருக்காது. என் மாமனாரே இதை நாலு பேர் நடுவில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அப்போது எங்கள் பூதப்பாண்டிப் பக்கமெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் சென்னை ராஜ்யம். அந்தப் பக்கத்து ஆட்களை நாங்கள் பாண்டிக்காரர்கள் என்போம். அவர்கள் எங்களை மலையாளத்தார் என்பார்கள். நடுவில் இருப்பது ஒரு கணவாய்தான். பஸ்ஸில் ஏறி ஒரு வெற்றிலை மென்று முடிப்பதற்குள் கடந்துவிடலாம்.

அப்பா பூதப்பாண்டிக்காரர், நெல் விவசாயம். அம்மா பிறந்து வளர்ந்தது மேற்கே, மலையாளப் பக்கத்தை ஒட்டிய அருமனையில். சந்தோஷம் வந்தாலும் கோபம் வந்தாலும் அம்மா வாயில் பாதிக்குப் பாதி மலையாளம் கலந்துதான் வரும். எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். தமிழிலும் வாசிப்பேன், மலையாளத்திலும் வாசிப்பேன். வாத்தியார் பயிற்சி முடித்துவிட்டுப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டு மொழியிலும் எழுத்து சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வேலைதான் என் கல்யாணத்துக்கு வினையாக இருந்தது. வந்த மூன்று சம்பந்தமும் ஒரே கேள்வியில் முறிந்தன. "கல்யாணத்துக்குப் பொறவும் பொண்ணு பள்ளிக்கூடம் போவாளோ?" என்று கேட்பார்கள். அப்பா மென்று விழுங்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து நான் "போவேன்" என்று சொல்லிவிடுவேன். அதோடு அவர்கள் குடையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

நாலாவதாக வந்தது திருநெல்வேலிப் பக்கத்துச் சம்பந்தம். மாப்பிள்ளை நாகர்கோவிலில் பள்ளிக்கூட வாத்தியார். பெண் வேலையை விட வேண்டாம், விடச் சொல்லி நானும் கேட்கமாட்டேன் என்று அவரே அப்பாவுக்குக் கடிதம் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை அப்பா அலமாரியில் வைத்துவிட்டுப் போனதும் நான் எடுத்து நாலு முறை வாசித்தேன். எழுத்து உருண்டு உருண்டு அழகாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், கட்டினால் இவரைத்தான் கட்டுவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் தரகர் ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போனார். "பொண்ணு வீட்ல மலையாளம் பேசுவாங்களாமே, நமக்கு ஒத்து வருமா" என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டாராம். அவ்வளவுதான், அப்பாவுக்குத் தூக்கம் போய்விட்டது. அவர் தினமும் சந்தியில் நின்று பேப்பர் வாசித்து, நம்ம ஊரு தமிழ்நாட்டோடு சேரணும் என்று தொண்டை வற்றப் பேசுகிறவர். அப்படிப்பட்டவரை ஒருத்தர் மலையாளத்தார் என்றால் பொறுக்குமா? நிச்சயத்துக்கு முந்தின நாள் அடுக்களைக்கே வந்துவிட்டார்.

"நாளைக்கு அவங்க முன்னால நீ வாயத் தொறக்காண்டாம், கேட்டியா? சிரிச்சாப் போதும்."

அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "அப்பம் நான் ஊமையா?"

"ஒரு நாளைக்கு இருந்தா தேஞ்சா போவே?"

"செரி. ஆனா சோறு என் இஷ்டத்துக்குத்தான் வைப்பேன். அதில வந்து மூக்கை நுழைக்காதீங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்த உருண்ட எழுத்து நினைவுக்கு வந்ததும் பேசாமல் இருந்துவிட்டேன். அது என் தப்பு. அன்றைக்கே பேசியிருந்தால் மறுநாள் கூத்து நடந்திருக்காது.

மறுநாள் பன்னிரண்டு ஆண்களும் ஏழெட்டுப் பெண்களுமாக வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா நல்ல உயரம், நெற்றி நிறைய விபூதி, எண்ணி எண்ணித்தான் பேசுவார். பெண் பிடிக்கவில்லையென்றால் பெண் வீட்டில் கை நனைக்கமாட்டார்கள், காப்பியோடு எழுந்துவிடுவார்கள். இலை போட்டு உட்கார்ந்துவிட்டால் சம்மதம் என்று பொருள். தாம்பூலம் மாற்றச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் நல்ல நேரம் இருந்தது. ஆண்கள் முதல் பந்திக்கு உட்கார்ந்ததும் அப்பா முகத்தில் விளக்கேற்றினாற்போல ஒரு வெளிச்சம். நான் அடுக்களைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை கடைசி இலையில் உட்கார்ந்திருந்தார்.

அம்மா வைத்தது அருமனைச் சாப்பாடு. அவியல், எரிசேரி, துவரன், இஞ்சிக்கறி. சோற்றில் பருப்பும் நெய்யும், பிறகு சாம்பார். சாம்பார் முடிந்ததும் பாயசம். பாயசத்துக்குப் பிறகு மறுபடியும் சோறு போட்டு, புளித்த மோரில் தேங்காய் அரைத்துவிட்ட புளிசேரி, அப்புறம் ரசம், கடைசியில் மோர். இனிப்பைத் தின்ற வாய்க்குப் புளிப்பு வேண்டும் என்பது அம்மா வீட்டுக் கணக்கு. நாங்கள் பிறந்ததிலிருந்து அப்படித்தான் சாப்பிட்டு வருகிறோம்.

வழக்கமாக விருந்தில் பாயசம் பரிமாறும்போது அம்மா பந்திக்கு வந்து, "வயித்த நெறச்சிராதீங்கோ, புளிசேரி வருது" என்று ஒரு குரல் கொடுப்பாள். அன்றைக்கு வாயில் பூட்டு. நிலைப்படியில் நின்று எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள், அவ்வளவுதான்.

சித்தப்பா பாயசம் விட்டுவிட்டுச் சோறு எடுக்க உள்ளே வந்தார். சோறு இன்னொரு பானையில் கொஞ்சம் வேக வேண்டியிருந்தது. அந்த நேரத்துக்குள் மாப்பிள்ளையின் அப்பா பாயசத்தை வழித்துத் தின்றார், கொஞ்ச நேரம் காத்திருந்தார், இடதும் வலதும் பார்த்தார், இலையை மடக்கினார், எழுந்தார். பெரியவர் எழுந்தால் பந்தியே எழ வேண்டும். மற்ற பதினொரு இலையும் சடசடவென்று மடங்கின.

அப்பா முகம் செத்துப்போயிற்று. எங்கள் பக்கத்தில் மோர் வருமுன் ஒருவர் இலையை மடக்கினால் அது சாதாரண விஷயம் இல்லை. உன் சாப்பாடும் வேண்டாம், உன் சம்பந்தமும் வேண்டாம் என்று அடித்துச் சொல்வது அது. கிணற்றடியில் கை கழுவிவிட்டுத் துண்டால் துடைத்துக்கொண்டே பெரியவர் அப்பாவிடம் கேட்டார், "திருநேலி பஸ்ஸு எத்தன மணிக்கு?"

அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வந்த சித்தப்பா, "அண்ணாச்சிக்கு என்ன கொறை வச்சோம், தெரியலயே" என்று கையைப் பிசைந்தார். அம்மா கண் நிறைந்துவிட்டது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இலையில் உட்கார்ந்து கையை நனைத்துவிட்டு பஸ் நேரம் கேட்கிற மனிதரை நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று முந்தானையை இழுத்துச் செருகினேன். அப்போதுதான் பயிற்சிப் பள்ளி விடுதி ஞாபகம் வந்தது. என் பக்கத்தில் உட்காரும் பாளையங்கோட்டைப் பெண் ஒருத்தி, பாயசம் விட்டால் தொடவே மாட்டாள். "ரசம் வரட்டும், இது கடைசிக்கு" என்று ஓரமாக ஒதுக்கி வைப்பாள். நாங்கள் அவளைக் கேலி செய்து கொன்றிருக்கிறோம்.

அட கடவுளே, இவர்கள் கோபித்துக்கொண்டு எழவில்லை. சாப்பாடு முடிந்துவிட்டதென்று எழுந்திருக்கிறார்கள். ரசமும் இல்லை, மோரும் இல்லை, பாயசத்தை ஊற்றி எழுப்பி விடுகிறார்கள் என்று அவர்கள் அல்லவா மனம் நொந்து நிற்கிறார்கள்.

புளிசேரிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நேரே முற்றத்துக்குப் போனேன். தாம்பூலம் மாற்றுவதற்கு முன் பெண் இப்படி ஆண்கள் நடுவில் வந்து நிற்பதை எங்கள் தெருவில் யாரும் கண்டதில்லை. சித்தப்பா "ஏட்டி, உள்ள போ" என்றார். நான் போகவில்லை.

"மாமா, சாப்பாடு பாதிதான் ஆயிருக்கு. யாரும் போவப்பிடாது" என்றேன்.

இன்னும் நிச்சயமாகாத மனிதரை மாமா என்று கூப்பிட்டுவிட்டேன் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. பெரியவர் என்னைப் பார்த்தார், பாத்திரத்தைப் பார்த்தார்.

"பாதியா?"

"ஆமா. புளிசேரி இருக்கு, ரசம் இருக்கு, மோரு இருக்கு."

"பாயசத்துக்குப் பொறவு ரசமா? இது எந்த ஊரு வழக்கம்?"

நான் வாயெடுப்பதற்குள் என் பின்னாலிருந்து அம்மா குரல் வந்தது. பூட்டு உடைந்துவிட்டது.

"எங்க அருமனை வழக்கமாக்கும். சாம்பாரு கழிஞ்சா பாயசம், பாயசம் கழிஞ்சா புளிசேரி. மோரு குடிக்காம எந்திச்சுப் போனா வச்சவளுக்கு மனசு நோவாதா? காலம்பற தொட்டு ஒரு வாக்கு மிண்டாம நிண்ணு வச்ச சோறாக்கும்."

ஒரு வார்த்தை பேசாமல் நின்றேன் என்பதைத்தான் அம்மா அவள் பேச்சில் சொன்னாள். அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார். அப்போது பெண்கள் உட்கார்ந்திருந்த அறையிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா வெளியே வந்தார். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"ஏ, சம்மந்தியம்மாவுக்குப் பேச்சு வருதே. காலையில இருந்து எத்தன கேட்டேன். தலைய ஆட்டி ஆட்டிச் சிரிச்சாவ. ஊமைன்னுல்லா நெனச்சேன். பேரப்பிள்ளைக்கும் வந்துருமோன்னு எனக்கு வயித்தக் கலக்கிட்டு."

அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இவியதான் பேசாண்டாம்ணு சொன்னாவ. நான் பறஞ்சா மலையாளம் வந்திருமாம்" என்று அப்பாவைக் கை காட்டினாள். அப்பா வேட்டி நுனியைச் சரி செய்கிற மாதிரி குனிந்துகொண்டார்.

"வந்தா வரட்டுமே" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "ஊமைக்கு அது எவ்வளவோ மேல்."

பெரியவர் மட்டும் இன்னும் யோசித்துக்கொண்டே நின்றார். "எல்லாஞ் சரி. மடக்குன எலையில மறுபடி உக்காரப்படாதே."

"அந்த எல பசுவுக்கு" என்றாள் அம்மா. "புது எல போட்டாத் தீந்துது."

அப்படித்தான் ஒரு நிச்சயத்துக்கு இரண்டு பந்தி நடந்தது. புது இலையில் சோறு போட்டு, புளிசேரியை நானே விட்டேன். பெரியவர் முதல் கவளத்தைச் சந்தேகத்தோடு வாயில் வைத்தார். இரண்டாம் கவளம் சீக்கிரம் போயிற்று. பிறகு இலையைக் காட்டி, "இன்னும் கொஞ்சம் விடும்மா" என்றார். மூன்று முறை வாங்கினார். ரசம் குடித்து, மோர் குடித்து, இதற்கு மேலும் ஏதாவது வருமா என்று என்னிடம் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் இலையை மடக்கினார். நல்ல நேரம் முடியக் கொஞ்சமே இருக்கும்போது அவசர அவசரமாகத் தாம்பூலம் மாற்றினார்கள். அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை எந்த மொழியில் சொல்வது? அடுக்களைக்குள் ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். அம்மா மேலெல்லாம் தேங்காய் எண்ணெய் வாசனை.

இதில் ஒரு பின்கதை உண்டு. மாப்பிள்ளை நாகர்கோவிலில் மூன்று வருஷமாக மெஸ்ஸில் சாப்பிடுகிறவர். எங்கள் பக்கத்து விருந்துக்கும் போயிருக்கிறார். புளிசேரி வரும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கல்யாணம் முடிந்த மறுநாளே அதை என்னிடம் உளறிவிட்டார்.

"தெரிஞ்சா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"அப்பா எந்திச்சுட்டாங்க. அவங்க முன்னால நான் எப்படிச் சொல்ல?"

எங்கள் முதல் சண்டை அதுதான். வாத்தியாராம் வாத்தியார். ஒரு வாரம் அவருக்குப் புளிசேரி கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணமான சில மாதங்களில் எல்லையும் மாறியது. பூதப்பாண்டி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது, அருமனையும் கூடவே வந்தது. அப்பா தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தார். அம்மா அந்த மிட்டாயைத் தின்றுகொண்டே அதே பேச்சைத்தான் பேசினாள். அப்பா அதற்குப் பிறகு ஒரு நாளும் அவளை வாயை மூடு என்று சொன்னதில்லை. சொன்னாலும் அவள் கேட்டிருக்கமாட்டாள்.

ஆனால் எனக்கு மறக்க முடியாதது அதற்கு முன்னால், கல்யாணம் ஆன கையோடு மாமனார் வீட்டில் நடந்த மறுவீட்டு விருந்து. எங்கள் ஆட்கள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மாமனாரின் பங்காளிகளும் ஊர்ப் பெரியவர்களும் கூடவே உட்கார்ந்தார்கள். இரண்டு ஊரும் ஒரே பந்தியில். பாண்டிச் சாப்பாட்டில் ரசத்துக்குப் பிறகுதான் பாயசம் வரும், அதற்குப் பிறகும் சோறு வருமென்று யாரும் காத்திருக்காதீர்கள் என்று எங்கள் ஆட்களிடம் நான் முன்னாலேயே காதோடு காதாகச் சொல்லி வைத்திருந்தேன்.

சாம்பார் முடிந்தது. பாயசம் வந்தது.

எனக்கே ஒன்றும் புரியவில்லை. அந்த ஊர்ப் பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமனாரின் அண்ணன் பாயசத்தை முடித்து, முகம் சுருங்கி, இலையில் கை வைத்துவிட்டார். மாமனார் பந்தியின் முதல் இலையில் உட்கார்ந்திருந்தார். தன் இலையை இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"எலைய யாரும் மடக்காதீங்க. பாதிதான் ஆயிருக்கு, புளிசேரி வருது."

அண்ணன் கேட்டார், "இது எந்த ஊரு வழக்கம்டா?"

மாமனார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்போலப் பப்படத்தைப் பாயசத்தில் நொறுக்கிக்கொண்டே சொன்னார், "எங்க வீட்டு வழக்கம்."