பாறை இடுக்கில் என் கை

என் பெயர் எந்தப் பொலிஸ் பதிவிலும் ஏறியதில்லை. நில அளவையாளராக அரச சேவையிலிருந்த காலம் முழுவதும், இரு தரப்பும் கத்தியோடு நின்ற காணித் தகராறுகளின் நடுவிலும், ஒருவரும் என் நேர்மையை நோக்கி விரல் நீட்டியதில்லை. அப்படிப்பட்ட நான், ஓய்வுபெற்றுத் திருகோணமலை உவர்மலையில் வீட்டோடு இருந்த நாளில், ஒரு விளையாட்டின் நாகரிகம் சம்பந்தமான விவகாரத்தால் படைமுகாமொன்றின் மர வாங்கில் உட்கார நேர்ந்தது. அதைப் பற்றி ஊரில் பலவிதமாகக் கதைத்தார்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

போர்நிறுத்தம் நடைமுறையிலிருந்த ஆண்டுகளில் எங்கள் வீட்டு மாடியை ஒரு வெளிநாட்டுப் பொறியியலாளர் வாடகைக்கு எடுத்திருந்தார். கிண்ணியாப் பக்கத்தில் கிணறுகளைத் துப்புரவாக்கும் வேலைக்கு வந்தவர். ஓய்வு நாட்களில் அவருக்கு ஜியோகேஷிங் என்றொரு பொழுதுபோக்கு இருந்தது. ஒருவர் சிறு பெட்டியொன்றை எங்காவது ஒளித்துவைத்து, அவ்விடத்தின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் இணையத்தில் அதற்கென உள்ள பக்கத்தில் அறிவிப்பார். வேறொருவர் இடங்காட்டும் கைக்கடக்கமான செய்மதிக் கருவியோடு வந்து தேடிக் கண்டுபிடித்து, உள்ளிருக்கும் தாளில் பெயரெழுதி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டுப் போவார். பரிசு எதுவும் கிடையாது. வாழ்நாளெல்லாம் புள்ளிகளையும் கோடுகளையும் நம்பிச் சோறு தின்ற எனக்கு அது பிடித்துப்போனதில் வியப்பில்லை. எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தொலைவில், உட்துறைமுகத்தைப் பார்த்தபடி சரியும் பாறைகளின் இடுக்கொன்றில் அவர் ஒரு பெட்டியை வைத்தார். அந்த இடுக்கைக் காட்டிக் கொடுத்தவன் நான்தான்.

அந்த விளையாட்டுக்கு அச்சிட்ட சட்டங்களைவிட வழக்கமான மரியாதைகளே அதிகம். கருவி இடத்தின் அண்மைவரை மட்டுமே கொண்டுவந்து விடும். மிச்சத்தைக் கண்ணும் கையும் தேட வேண்டும். சுவை முழுவதும் அந்த மிச்சத்திலேயே இருக்கிறது. ஆகவே, கண்டெடுத்தவர் சுற்றியுள்ள காட்சியைப் படமெடுத்துப் பக்கத்தில் போடலாம். தம் முகத்தைப் போடலாம். பெட்டி இருக்கும் பொந்தைப் போடலாகாது. அப்படிப் போடும் படத்தை ஸ்பொய்லர் என்பார்கள். பின்னால் வருபவரின் தேடலைக் கெடுப்பது என்று பொருள். போட்டுத்தான் ஆகவேண்டுமென்றால் பெட்டிக்கு உரியவரிடம் முன்கூட்டியே கேட்பது பண்பு. இதை அந்தப் பொறியியலாளர் எனக்குச் சொன்னபோது, நாகரிகமடைந்த மனிதர்களின் விளையாட்டு என்று மனதார மதித்தேன்.

அவர் வேலை முடிந்து வேறு நாட்டுக்குப் போனபோது பெட்டியை என் பொறுப்பில் விட்டுச் சென்றார்; இணையப் பக்கம் அவர் பெயரிலேயே இருந்தது. சில மாதங்களின் பின் ஒரு வெளிநாட்டு அம்மையார் அதைத் தேடிக்கொண்டு வந்தார். வெயிலில் வெகுநேரம் பாறைகளைச் சுற்றிச் சுற்றி வந்து முகம் சிவந்துபோனார். மனம் பொறுக்காமல் நான் குனிந்து இடுக்கில் கையை விட்டுக் காட்டினேன். அப்போது அவர் கமராவை உயர்த்தினார். விருந்தாளியைத் தடுப்பது மரியாதையில்லை என்று பேசாமலிருந்தேன். அவர் தம் ஞாபகத்துக்காக எடுக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

பின்னர் நாட்டு நிலைமை கெட்டது. போர்நிறுத்தம் பெயரளவில் இருக்க, வீதிச் சோதனைகளும் சுற்றிவளைப்புகளும் திரும்பி வந்தன. சம்பூர்ப் பக்கமிருந்து ஷெல் விழும் சத்தம் குடாவைக் கடந்து யன்னல் கண்ணாடியில் கேட்டது. அந்த நாட்களில்தான் கனடாவிலிருந்து என் மகள் தொலைபேசியில் அழைத்தாள்.

“அப்பா, அந்தப் பெட்டிப் பக்கத்தைச் சும்மா பாத்தனான். உங்கட படம் கிடக்குது.”

“என்ன படம்?”

“குனிஞ்சு கல்லுக்குள்ள கையை விட்டுக்கொண்டு நிக்கிறியள். பின்னால...” அவள் சற்று நிறுத்தினாள். “பின்னால கடல். கடலில நிக்கிறதுகளும் வடிவாத் தெரியுது.”

கடலில் நின்றவை கடற்படையின் சாம்பல் நிறக் கப்பல்கள். தொலைபேசியில் அந்தச் சொல்லை உச்சரிக்கக்கூடாது என்று தெரிந்த அளவுக்கு அவள் இந்த ஊர்ப் பிள்ளைதான்.

“என்னவாம்?” என்று கேட்டார் என் மனைவி.

“ஒண்டுமில்லை.”

“ஒண்டுமில்லாததுக்கு ஏன் உங்களுக்கு இப்பிடி வேர்க்குது?”

வேர்த்ததற்குக் காரணம் இருந்தது. துறைமுகத்துக்கு மேலே ஒரு தமிழர், பாறைப் பொந்துக்குள் எதையோ வைக்கிறார் அல்லது எடுக்கிறார். அருகிலேயே அந்த இடத்தின் அகலக்கோடும் நெடுங்கோடும் எழுதப்பட்டிருக்கின்றன. அதைப் பார்க்கும் ஓர் அதிகாரிக்கு அது விளையாட்டாகத் தோன்றுமா? படம் உடனே நீங்க வேண்டும். என்னைக் கூட்டிக்கொண்டு போவதை அயலவர் வேலிக்கு மேலால் பார்ப்பதை எண்ணியபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மையாரின் தனி முகவரி எங்களுக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தில் பகிரங்கமாக எழுதுவது ஒன்றே வழி.

“அங்க சண்டை, அப்பாவுக்குக் கரைச்சல் வரும், படத்தை எடுங்கோ எண்டு எழுதுறன்,” என்றாள் மகள்.

“அறவே கூடாது, பிள்ளை. உலகமே வாசிக்கிற இடம். இந்தப் படத்தில பயப்பிட ஏதோ இருக்கெண்டு நாங்களே சொல்லிக் குடுக்கிறதோ?”

“அப்ப என்னத்தை எழுத?”

“ஸ்பொய்லர் எண்டு எழுது. முறை தவறினது எண்டு எழுது.”

“ஐயோ அப்பா, ஆமி நேவிக்குப் பயந்துகொண்டு விளையாட்டு ரூல் கதைக்கிறியளே!”

ஆயினும் நான் சொல்லச் சொல்ல எழுதினாள். தங்கள் வருகையால் பெருமையடைந்தோம். எனினும், ஒளித்த இடத்தைக் காட்டும் படம் இனி வருவோரின் மகிழ்ச்சியைப் பறிக்கும். தங்கள் நல்லுணர்வை நம்பி அதை நீக்குமாறு வேண்டுகிறோம். கல்லூரியில் கற்ற ஆங்கிலத்தில் ஒரு பிசிறும் இல்லாமல் அமைந்த கடிதம் அது.

அம்மையார் கடிதத்தை மதித்தார். ஆனால் படத்தை நீக்கவில்லை. அதன் தலைப்பில், ‘எச்சரிக்கை: ஒளித்த இடம் தெரியும், விரும்பினால் மட்டும் பார்க்கவும்’ என்று சேர்த்தார். அப்படியொரு தலைப்பைக் கண்டபின் பார்க்காமல் போகிறவர் யார்? அதோடு நிற்கவுமில்லை. திருகோணமலை எந்தத் திசையில் இருக்கிறதென்றும் அறியாத விளையாட்டுக்காரர்கள் பக்கத்தில் புகுந்து வாதாடத் தொடங்கினார்கள். கடினமான பெட்டிக்குப் படம் உதவிதானே என்றார் ஒருவர். பெட்டிக்காரரின் விருப்பமே இறுதி என்றார் இன்னொருவர். முன்பு ஆளே எட்டிப் பார்க்காத பக்கம் சந்தையாகிவிட்டது. மகள் ஒவ்வொன்றாக வாசிக்க, நான் தொலைபேசியைப் பிடித்தபடி கதிரையில் உறைந்திருந்தேன்.

“நல்ல விளம்பரம் குடுத்திருக்கிறியள்,” என்றார் மனைவி. “இனி ரிக்கற் அடிச்சு விக்கலாம்.”

இறுதியில் மகள் அந்தப் பொறியியலாளரைத் தேடிப் பிடித்தாள். பெட்டிக்கு உரியவர் என்ற முறையில் அவருக்குப் படத்தை அழிக்கும் அதிகாரம் இருந்தது. விடயத்தைத் தனிப்பட அறிந்ததும் அன்றைக்கே அழித்தார், பக்கத்தையும் மூடினார். பக்கம் மூடப்பட்ட பெட்டியை வெளியில் விட்டுவைப்பது அந்த விளையாட்டில் அழகல்ல என்றும், முடிந்தால் எடுத்துவிடுமாறும் என்னைப் பணிவாகக் கேட்டிருந்தார். அவர் கேட்காவிட்டாலும் எடுத்திருப்பேன். பாறைச் சரிவுக்கு மேலே அப்போது புதிதாக ஒரு காவலரண் எழும்பியிருந்தது. சுற்றிவளைப்பில் அவர்களாகவே பெட்டியைக் கண்டெடுத்தால் அயலில் உள்ள எல்லா வீட்டுக் கதவும் தட்டப்படும்.

பட்டப்பகலில், வெள்ளைச் சேர்ட் அணிந்து, எல்லோருக்கும் தெரியவே போவதென்று தீர்மானித்தேன்.

“தனியப் போனா நோட்டம் பாக்கிற ஆள் மாதிரிக் கிடக்கும்,” என்றார் மனைவி. “நானும் வாறன். உலாத்துற மாதிரி இருக்கட்டும்.”

“நாங்கள் எப்ப சேர்ந்து உலாத்தினனாங்கள்?”

“அது அவங்களுக்குத் தெரியுமே?”

பெட்டி கைக்கு வந்து நான் நிமிரும் முன்னரே மேலிருந்து ஒரு குரல் அதட்டியது. “சீயா!” சிங்களத்தில் பாட்டனாரை அழைக்கும் சொல். அந்த மொழியில் என்னை அதுவரை எல்லோரும் ‘ஐயா’ என்ற பொருளில் ‘மாத்தயா’ என்றே அழைத்திருக்கிறார்கள். துப்பாக்கி நீட்டியிருந்த அந்த இளஞ்சிப்பாய் பெட்டியை நிலத்தில் வைக்கச் சொன்னான். வைத்தேன். மனைவி என் சேர்ட் கையைப் பிடித்துக்கொண்டார். சற்று நேரத்தில் அதிகாரி ஒருவர் இறங்கி வந்தார். மரியாதையாகவே பேசினார். தென்பகுதியில் சேவை செய்த காலத்தில் கற்ற சிங்களத்தில் நானும் விளக்கினேன். ஒரு றப்பர் தவளை, பென்சில் துண்டு, அந்நிய நாணயமொன்று, பெயரெழுதும் தாள் ஆகியவற்றை அவர் பாறைமேல் பரப்பினார்.

“ஒளித்துவைப்பது, தேடி எடுப்பது, திரும்பவும் ஒளித்துவைப்பது. அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“எதற்காக?”

“பொழுதுபோக்குக்குத்தான்.”

“சரி, வேறு யாராவது வந்து இதை எடுத்தபோது பிடித்த படம் ஏதும் இருக்கிறதா? விளையாட்டு என்றால் படம் எடுத்திருப்பார்களே.”

இருந்தது, நாங்களே அழித்தோம் என்றால் என்ன நினைப்பார்? “கேட்டு எடுக்கலாம்,” என்றேன். பெட்டியையும் என் அடையாள அட்டையையும் வைத்துக்கொண்டு, இரண்டு நாளில் படத்தோடு முகாமுக்கு வரச் சொன்னார். அந்த அட்டை கையில் இல்லாமல் சந்தி வரைக்கும்கூடப் போக ஏலாத காலம் அது.

படத்தைப் பொறியியலாளர் வைத்திருக்கவில்லை. அதை எடுத்த அம்மையாரிடமே கேட்க வேண்டியதாயிற்று. யாருக்கு முறை தெரியாதென்று பகிரங்கமாக எழுதினேனோ, அவரிடமே அதே படத்துக்காகக் கையேந்தினேன். பொறியியலாளர் மூலம் முகவரி பெற்று மகள் எழுதினாள். பதில் உடனே வந்தது.

“அனுப்பியிருக்கிறா அப்பா. ஆனா...” மகளுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. “உங்கட கை இருக்கிற இடத்தைக் கறுப்பால மூடிப்போட்டா. ‘என்ர பிழையை மற்ற ஆக்கள் விளங்கப்படுத்தினவை, இந்த முறையாவது சரியாச் செய்திருக்கிறன்’ எண்டு எழுதியிருக்கிறா.”

“மூடாததை அனுப்பச் சொல்லு.”

“திருப்பி எழுதினனான். பதில் இல்லை. பயணத்தில நிக்கிறா போல.”

இரண்டு நாளும் முடிந்தது. அட்டை இல்லாததால் மனைவியே கடைத்தெருவிலுள்ள இணையக் கடைக்குப் போய்ப் படத்தை அச்சிட்டு வந்தார். கடைக்காரர் அவரிடம், “அக்கா, இது பழுதாப் போச்சு, நடுவில கறுப்பு அடிச்சிருக்கு, இன்னொருக்கா எடுக்கட்டோ?” என்று கேட்டாராம்.

படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கப்பல்கள் துலக்கமாக இருந்தன. என் முகம் துலக்கமாக இருந்தது. என் கை மட்டும் முழங்கைவரை ஒரு கறுப்புச் சதுரத்துக்குள் போய்விட்டது.

“இதைக் கொண்டு போறதைவிடச் சும்மா போகலாம்,” என்றேன்.

“சும்மா போனா அட்டை வராது. கொண்டுபோங்கோ. கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கோ.”

முகாமில் நெடுநேரம் வாங்கில் இருத்தினார்கள். தம்பலகாமத்துக்குப் போகும் வழியில் பிடிக்கப்பட்ட இருவர் எனக்குப் பக்கத்தில் தலைகுனிந்து இருந்தார்கள். நான் குனியவில்லை. என் முறை வந்தபோது அதிகாரி படத்தை வாங்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

“இந்தக் கறுப்பு என்ன?”

“பெட்டி இருந்த இடம். பின்னால் வருபவர்கள் பார்த்துவிடக்கூடாது என்று படமெடுத்த அம்மையார் மூடியிருக்கிறார். அது அந்த விளையாட்டின் மரியாதை.”

“இப்போதுதான் அங்கே பெட்டி இல்லையே.”

“இல்லை. இருந்தாலும் மூடியிருக்கிறார்.”

அவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “பொந்தை மூடியிருக்கிறார்கள். முகத்தை மூடவில்லை.”

“முகத்தை மூடும் வழக்கம் அதில் இல்லை.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த அறையிலிருந்த இன்னோர் அதிகாரியைக் கூப்பிட்டுக் காட்டினார்; அவரும் சிரித்தார். கள்ள வேலை செய்கிறவன் எவனும் இப்படியொரு படத்தோடு வரமாட்டான் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். என் அட்டை மேசையைத் தாண்டி என் பக்கம் வந்தது. இந்த வயதில் பாறைகளில் ஏறவேண்டாம் என்ற புத்திமதியும் கூடவே வந்தது. பொறுத்துக்கொண்டேன்.

படத்துக்காகக் கையை நீட்டினேன்.

“இதில் கப்பல்கள் இருக்கின்றன,” என்றார் அவர். “வெளியே போகக்கூடாது.” ஒரு கோப்பைத் திறந்து, படத்தை உள்ளே வைத்து, நாடாவை இறுக்கிக் கட்டினார்.

வாசலில் மனைவி நின்றார். “தந்தாங்களோ?”

“அட்டையைத் தந்தாங்கள்.”

“படம்?”

“அங்க இருக்கு.”

அதற்குப் பின் வந்த ஒவ்வொரு சுற்றிவளைப்பிலும், வரிசையில் நின்று அட்டையை நீட்டும்போது, அதை வாங்குபவர் என்னை ஏற்கெனவே எங்கோ கண்டவர்போல் நிமிர்ந்து பார்க்கிறாரா என்று கவனிப்பது எனக்கு வழக்கமாயிற்று.