என் பேரில் விழாத ஏலம்

கரமனை ஆற்றங்கரையில், வெள்ளம் வந்தால் முதலில் முங்கும் மணல்மேட்டில் ஒரு நாற்றங்கால் போட்டேன். இன்று அது கண்ணுக்கெட்டிய மட்டும் பச்சையாகக் கிடக்கிறது. தண்ணீர் கிடைக்காது என்று நீரோட்டம் பார்ப்பவன் தட்சணைகூட வாங்காமல் எழுந்து போன செம்பாறையில் கிணறு வெட்டினேன். இந்தக் கோடையிலும் அது வற்றவில்லை. தம்பானூரில் ரயில் வந்த பிறகு எழும்பிய லாட்ஜுகளின் வாசலில் குரோட்டன்ஸ் தொட்டி வைப்பதை ஒரு கௌரவமாக ஆக்கியவன் நான். சொந்த வீடு கட்டினேன். பெண்களைக் கடன் வாங்காமல் கட்டிக் கொடுத்தேன். பையன்களைக் காலேஜுக்கு அனுப்பினேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு; அதிலும் பாதி நாள் வாத்தியார் வீட்டு மாட்டுக்குப் புல் அறுத்தேன். பெருமையடிக்கிறேன் என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். கை நீட்டி எவரிடமும் வாங்காதவன் வாய் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வாய், பேசியே ஆக வேண்டிய ஓர் இடத்தில் பேசவில்லை. அன்று என் எதிரே நின்றவர் என் முதலாளி.

முதலாளிக்கு ஆரியசாலையில் மொத்தக் கடை. வத்தல், மல்லி, உள்ளி எல்லாம் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து மாட்டு வண்டிகளில் வந்து அவர் கிடங்கில் இறங்கும். நாஞ்சில் நாட்டுக்காரர். நானும் அந்தப் பக்கம்தான். உள்ளி மூட்டைகளுக்கு மேலே படுத்துக்கொண்டு வந்து இறங்கிய என்னிடம், "லேய், சாப்பிட்டியா?" என்றுதான் முதலில் கேட்டார். யார் மகன், என்ன சாதி, என்ன வேலை தெரியும் என்பதெல்லாம் சோற்றுக்குப் பிறகு. இந்த ஒன்றை நான் மறந்தால் என் நாக்கு அழுகிவிடும். வெள்ளை பனியன், நெற்றி நிறைய விபூதி, இடது கன்னத்தில் எப்போதும் ஒதுக்கிய வெற்றிலை; அவர் மெத்தையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் மாதிரியே கடைக்கு ஒரு கனத்தைக் கொடுக்கும். நான் அங்கே மூட்டை தூக்கி வளர்ந்தேன்.

அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. முதலாளி ஒரு விலை சொல்லிவிட்டால், அதற்குக் கீழே கடையாட்கள் வாயிலிருந்து ஒரு சொல் வரக் கூடாது. "லேய், வெலைங்கது தாலி மாதிரி. ஒருத்தன்தான் கட்டணும்" என்பார். ஒரு முறை எங்களில் ஒருவன், கையில் கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்ணுக்கு இரக்கப்பட்டு, முதலாளி சொன்னதைவிடக் குறைத்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டான். முதலாளி அவனைத் திட்டவில்லை. அந்தப் பெண்ணுக்கு அவன் சொன்ன விலைக்கே சரக்கைக் கொடுத்து அனுப்பினார். சாயங்காலம் அவனுடைய தகரப் பெட்டி தெருவில் இருந்தது. அப்புறம் எங்களுக்கெல்லாம் முதலாளி விலை சொல்ல வாயெடுத்தாலே நாக்கு தானாக மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மாட்டுக்கு நுகத்தடி பழகுவது போல எங்களுக்கு அது பழகிப்போயிற்று.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கடையை விட்டுப் போனவன் எவனாக இருந்தாலும், கல்யாணமோ, புதுத் தொழிலோ, வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுவதோ, முந்தின நாள் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து முதலாளியிடம் வந்து சொல்ல வேண்டும். அவர் விபூதி பூசி விடுவார். அப்படிப் பூசிக்கொண்டு போனவர்கள் யாரும் கெட்டுப்போனதில்லை என்று ஆரியசாலை முழுக்கப் பேச்சு. என் கல்யாணத்துக்கும் கொண்டு போனேன். நாற்றங்காலுக்கும் கொண்டு போனேன்.

கடைக்குப் பின்னாலிருந்த முற்றத்தில் முதலாளியின் பூஜைக்காக நான் வைத்திருந்த செம்பருத்தியையும் அரளியையும் பார்த்துத்தான் நகரசபை ஓவர்சியர் என்னைக் கூப்பிட்டார். கரமனை அக்கிரகாரத்துக்காரர், குடையும் தலைப்பாகையுமாக ஊரையே நடந்து அளப்பவர். அக்கம்பக்கத் தெருக்கள் சந்திக்கும் முக்குகள் அப்போது குப்பைமேடாகக் கிடந்தன. கடையை விட்டு வந்த என்னை அவற்றைச் சுத்தம் செய்யும் கூலிக்குத்தான் வைத்தார். குப்பையை அள்ளினேன், அதோடு நிற்க எனக்கு மனம் வரவில்லை. ஆற்று வண்டலைக் கொண்டுவந்து கொட்டினேன். வேலிக்கு மருதாணி, நிழலுக்கு வாகை, பார்வைக்குக் கொன்றை, தரைக்கு அருகம்புல். என் பெண்டாட்டியும் வயிற்றில் பிள்ளையோடு குடம் சுமந்தாள். "யாரு ஓய் உம்மைச் செடி வைக்கச் சொன்னா?" என்று ஓவர்சியர் கேட்டது ஒரே ஒரு தடவைதான். அதன் பிறகு தினமும் அந்த வழியாகவே ஆபீசுக்குப் போனார். சில வருஷத்தில் ஆபீஸ் விட்டு வருகிறவர்கள் அங்கே உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். குப்பைமேடு பூங்கா ஆயிற்று.

பூங்கா என்றான பிறகு அதைத் தினக்கூலியில் விட்டுவைக்க முடியாது என்று சபையில் தீர்மானம் போட்டார்கள். முக்குப் பூங்காக்கள், தெருவோர மரங்கள், வேலிகள் எல்லாவற்றின் பராமரிப்பும் வருஷக் காண்ட்ராக்டாக ஏலத்தில் போகும். வெட்டிய புல்லும் கழித்த கிளைகளும் எடுத்தவனுக்குச் சொந்தம். ஓவர்சியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "இது மேலே ஏறுற ஏலம் இல்லை ஓய், கீழே இறங்குற ஏலம். யார் குறைச்சலுக்குச் செய்யறேன்னு சொல்றாரோ அவருக்குத்தான். விறகுக்கடைக்காரன் வருவான், பயப்படாதீர். அவனுக்குக் கிளைமேலதான் கண்ணு. ஒரு அளவுக்குக் கீழே அவனால வர முடியாது. நாளைக்கு நான் உம்மைக் காண்ட்ராக்டர்னுதான் கூப்பிடணும்." காண்ட்ராக்டர்! மூட்டை தூக்கிய என்னை அந்தச் சொல்லால் ஒருவர் கூப்பிடப் போகிறார். நான் உண்டாக்கிய தோட்டம் என் பேரிலேயே நிற்கும். அன்று எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பெண்டாட்டியிடம் தாம்பாளத்தைத் துலக்கச் சொன்னேன். அவள், "லேலம் முடிஞ்ச பொறவு கொண்டு போனாப் போராதா?" என்றாள். "முந்தியே சொல்லணும். சொல்லாமச் செஞ்சா அவருக்குப் பொறுக்காது" என்று சொல்லிவிட்டு ஆரியசாலைக்கு நடந்தேன். முதலாளிக்கு ஏலம் நடக்கப்போவதே அதுவரை தெரியாது. மெத்தையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்து விசாரித்தார். "எந்த ஆப்பீஸ்ல? எத்தன மணிக்கு? புல்லும் கொப்பும் லேலம் எடுத்தவனுக்கா?" எல்லாவற்றையும் சொன்னேன். கேட்காததையும் சொன்னேன். "நல்ல காரியம். நல்லா வா மக்கா" என்று விபூதியை அள்ளிப் பூசினார். அவர் கை என் நெற்றியில் சூடாக இருந்தது.

மறுநாள் ஆபீஸ் முற்றத்து மாமரத்தடியில் ஏலம். ஓவர்சியர் சொன்னபடியே விறகுக்கடைக்காரன் வந்திருந்தான். அவன் ஒன்று சொல்ல, நான் குறைக்க, அவன் மேலும் குறைக்க, நான் அதையும் குறைத்தேன். கடைசியில் அவன் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எனக்கு வேண்டா சாரே. இவன் கூலியில்லாமப் புல்லுத் தின்னே ஜீவிப்பான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சேவகன், "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று இழுத்தான். அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. வெற்றிலையை ஒதுக்கிய, எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். நான் சொன்னதற்குச் சற்றுக் கீழே ஒரு தொகை.

திரும்பிப் பார்த்தேன். முதலாளி வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்து, கடையில் சாப்பாட்டு நேரத்தில் சிரிப்பது போல வாஞ்சையாகச் சிரித்தார். ஓவர்சியர் மேஜைக்கு மேலே எட்டிக் குனிந்து, "என்ன ஓய்? சொல்லும்" என்றார். சொல்வதற்கு என்னிடம் தொகை இருந்தது. இன்னும் எவ்வளவு இறங்கினாலும் என் குடும்பம் தாங்கும் என்று எனக்குத் தெரியும். "சொல்லும் ஓய், கொஞ்சம் கீழே வந்தா உமக்குத்தான்!" ஆனால் முதலாளி ஒரு விலை சொல்லிவிட்டார். அதற்குக் கீழே சொல்ல என் நாக்குக்குப் பழக்கமில்லை. வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். காற்றுத்தான் வந்தது. நெற்றியில் வேர்வையோடு விபூதி கரைந்து கண்ணில் இறங்கி எரிந்தது. சேவகன் எனக்காகவே மூன்றாம் தரத்தை வெகுநேரம் இழுத்தான். அந்தப் புண்ணியவானுக்கு மூச்சு முடிந்தது, ஏலமும் முடிந்தது.

முதலாளி என் தோளில் கை போட்டார். "பேரு யாருக்க பேராயிருந்தா என்னடே? கையொப்பு, ஜாமீன், ஆப்பீஸுன்னு அலைய உனக்குத் தெரியுமா? நீ செடியப் பாரு. கூலி நான் தாறேன். நமக்கு வண்டிமாட்டுக்குப் புல்லு மதி, அது போரும்." நான் தலையாட்டினேன். ஓவர்சியர் அன்று சாயங்காலம் பூங்கா வழியாக வந்து, "நான் என்ன ஓய் பண்றது? உம்ம வாயை நான் வந்து அசைக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டுக் குடையை ஊன்றிக்கொண்டே போனார். பிறகு அவர் வேறு வழியாக ஆபீசுக்குப் போகத் தொடங்கினார். என் பெண்டாட்டி வைதது இன்னும் காதில் நிற்கிறது: "அருவாளையும் குடுத்து, கழுத்தையும் நீட்டிட்டு வந்திருக்கீரு. அதுவும் வெத்தல பாக்கோட!"

அன்றிலிருந்து நான் உண்டாக்கிய தோட்டத்தில் நான் கூலிக்காரன். ஒவ்வொரு வருஷ ஏலத்துக்கும் முதலாளி வந்தார். அவருக்கு எதிராக வேறு யாரும் வாயெடுக்கவில்லை, நானும்தான். அவர் எனக்குக் குறை வைக்கவில்லை, அதுதான் கஷ்டம். பிள்ளைகளுக்குப் பண்டிகைத் துணி வரும். காய்ச்சல் என்றால் வைத்தியனை அனுப்புவார். பெரிய மனிதர் ஒருவர் பூங்காக்களைப் பார்க்க வந்தபோது பூமாலை முதலாளி கழுத்தில் விழுந்தது. அவர் என்னைக் கைதட்டிக் கூப்பிட்டு, "நம்ம கடையில மூட்டை தூக்கின பய. கைராசிக்காரன்" என்று எல்லோருக்கும் காட்டினார். பூவாளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு அப்போது தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. ஒரு வருஷம் துணிந்து, "முதலாளி, அடுத்த லேலம் என் பேர்ல..." என்று ஆரம்பித்தேன். அவர் முகம் வாடிவிட்டது. "நான் உனக்கு என்னடே குறை வச்சேன்?" என்றார். அந்தக் கேள்விக்கு நான் ராத்திரியெல்லாம் பதில் தேடியிருக்கிறேன். கள்ளன் என்றால் திட்டிவிடலாம். தெய்வம் என்றால் கும்பிட்டுவிடலாம். சோறு போட்ட கையே பிடுங்கினால் அந்தக் கையை என்ன செய்வது? மாட்டுக்குப் புல் வேண்டித்தான் வந்தாரா, சபையில் நாலு பேர் மதிக்க வேண்டும் என்று வந்தாரா, இல்லை, என்னைத் தன் நிழலிலிருந்து விடக் கூடாது என்ற பாசம்தானா, எனக்கு இன்றுவரை தெரியாது.

கேட்டுத் தெரிந்துகொள்ளவும் முடியாமல் போயிற்று. அவருக்கு வாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. நான் போய்க் கட்டிலருகே உட்கார்ந்தேன். அன்று ஒரு தீர்மானத்தோடுதான் போயிருந்தேன். "முதலாளி, பிள்ளைங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். தோட்டம் நான் உண்டாக்கினதுன்னு" என்று காதோரம் சொன்னேன். அவருக்கு விளங்கியது. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உதடு கோணிக் கோணி ஏதோ முயன்றார். என்னென்னவோ சத்தம் வந்தது, சொல் ஒன்றும் வரவில்லை. அவர் கண்ணில் நீர் வடிந்தது. மூத்த மகன் வந்து, "அப்பாவச் சிரமப்படுத்தாதீங்க" என்று என்னை எழுப்பிவிட்டான். வாய் வராமல் ஒரு மனிதன் படும் பாடு எனக்குத் தெரியாததல்ல. அவர் சொல்ல வந்தது நான் கேட்டதைத்தான் என்று நம்புகிறேன். வேறு எதை நம்புவது?

அவர் போன பிறகு மகன்கள் பூங்கா வாசலில் ஒரு கல் நாட்டினார்கள். இந்தப் பூங்காக்களை உண்டாக்கிப் பேணியவர் என்று முதலாளியின் பேர். அடியில், கல் வைத்தவர்களாக மகன்கள் பேர். நான் போய்ச் சொன்னபோது அவர்கள் மரியாதையாகத்தான் காபி கொடுத்தார்கள். "அப்பா உங்கள மகன் மாதிரில்லா வச்சிருந்தாங்க, அண்ணாச்சி" என்றார்கள். மகன்களுக்குக் கல்லில் பேர் இருக்கிறது. மகன் மாதிரிக்கு இல்லை. நகரசபையில் கேட்டால், காண்ட்ராக்ட் யார் பேரில் இருந்ததோ அவர் பேர்தான் என்கிறார்கள். அதுவும் உண்மை. ஓவர்சியரும் இன்று இல்லை. குடம் சுமந்தவளும் போய்விட்டாள்.

இப்போதும் காலையில் அந்தப் பக்கம் போகிறேன். நான் வைத்த வாகை நிழலில் பென்ஷன்காரர்கள் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்கள். கொன்றை பூத்தால் விஷுக்கணிக்குப் பறிக்க அக்கம்பக்கத்துப் பெண்கள் வருகிறார்கள். யார் வைத்தது என்று அவர்கள் கேட்பதில்லை. கேட்டால் கல்லைப் பார்த்துக்கொள்ளலாம். என்னிடம் சொந்த நாற்றங்கால் இருக்கிறது, வீடு இருக்கிறது, என் பேர் போட்ட பலகை இருக்கிறது. அவை போதும் என்று என் பிள்ளைகள் சொல்கிறார்கள். எனக்குப் போதவில்லை.

இதைப் படிப்பவர்களில் சபையில் செல்வாக்குள்ளவர் யாராவது இருக்கலாம். அந்தக் கல்லைப் பிடுங்கச் சொல்லவில்லை. முதலாளி பேரில் ஓர் எழுத்துக்கூட அழியக் கூடாது. பேணியவர் என்று அவர் பேர் இருக்கட்டும். உண்டாக்கியவர் என்று என் பேரையும், தண்ணீர் சுமந்தவள் என்று என் பெண்டாட்டி பேரையும் அதே கல்லில் வெட்டுங்கள். தானமாகக் கேட்கவில்லை, எனக்குச் சேர வேண்டியது. கல்தச்சனை நானே கூட்டி வருகிறேன். நான் நடந்து போய்ப் பார்க்க முடிகிற காலத்திலேயே வெட்டுங்கள்.